பேனா அம்மாவிடம், கதை மகளிடம்! குழந்தையோடு சேர்ந்து செய்யும் 16 பக்கப் புத்தகம்

இரவு எட்டு மணி. சிவகங்கைப் பக்கம் ஒரு சிற்றூர். கூடத்தில் அம்மாவின் செல்போன் ஒலிக்கிறது. ஷார்ஜாவிலிருந்து அப்பா. அங்கே அப்போது மணி ஆறரை. வேலை முடிந்து அறைக்கு வந்ததும் அவர் செய்கிற முதல் காரியம் இந்த வீடியோ கால்தான்.

"பாப்பா எங்க? என்ன வேணும்னு கேளு, யாராச்சும் ஊருக்கு வந்தா வாங்கிக் குடுத்து விடுறேன்" என்கிறார். யு.கே.ஜி படிக்கும் மகள் அதற்குள் பீரோவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறாள்.

"அப்பா கூப்பிடுறாங்க பாரு, வாடி தங்கம்!"

"எனக்குத் தூக்கம் வருது."

"அப்பனைப் போலவே கோவக்காரி" என்று அப்பத்தா சிரித்துச் சமாளிக்கிறார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வாரமாக இதே கதை. போனில் அந்தப் பக்கம் இருப்பவரின் முகம் சுருங்குவது இவருக்குத் தெரிகிறது.

வெளிநாட்டில் வேலை பார்க்கும் அப்பாக்களின் எந்த வீட்டிலும் நடக்கக்கூடிய காட்சி இது. பெரியவர்கள் அதற்குக் 'கோபம்' என்றோ 'பிடிவாதம்' என்றோ ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள். "என்னடா ஆச்சு?" என்று நேராகக் கேட்டால், "ஒண்ணுமில்ல" என்ற பதில்தான் வரும். அது பொய் இல்லை. மனசில் இருப்பதை எடுத்துச் சொல்லும் அளவுக்கு ஐந்து வயதில் வார்த்தைகள் சேர்ந்திருக்காது. ஆனால், ஒரு முயலுக்கோ ஆட்டுக்குட்டிக்கோ என்ன கவலை என்று கேட்டால், அதே குழந்தை மூச்சுவிடாமல் சொல்லும்.

அதைக் கேட்க ஓர் எளிய வழி, குழந்தையோடு சேர்ந்து ஒரு கதைப்புத்தகம் செய்வது. தேவை நான்கு ஏ4 தாள்கள், ஓர் ஊசி, கொஞ்சம் நூல், ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை. கூடவே, பெரியவர்கள் குறுக்கே பேசாமல் இருக்கிற ஒரு மணி நேரம். இந்தப் பட்டியலில் கிடைக்கக் கடினமானது கடைசியாகச் சொன்னதுதான்!

பெயர் மட்டும் இருந்தால் போதுமா?

குழந்தையின் பெயரையும் போட்டோவையும் அனுப்பினால், அந்தக் குழந்தையையே ஹீரோவாக்கி வழவழப்பான தாளில் புத்தகம் அச்சிட்டுத் தரும் ஆன்லைன் கடைகள் இப்போது இருக்கின்றன. ஏ.ஐ செயலியிடம் இரண்டு வரி சொன்னால், படங்களோடு கதை தயாராகிவிடுகிறது. பிறந்தநாள் பரிசாகக் கொடுக்க அவை நன்றாகத்தான் இருக்கும். தன் பெயரைப் புத்தகத்தில் பார்க்கும் குழந்தை துள்ளிக் குதிக்கும்.

ஆனால், அந்தக் கதையைக் குழந்தை சொல்லவில்லை. பெயரை மாற்றினால் அடுத்த வீட்டுப் பையனுக்கும் அதே கதை பொருந்திவிடும். வீட்டில் செய்யும் புத்தகம் அப்படி இல்லை. படம் கோணலாக இருக்கும், எழுத்து ஏறி இறங்கும், கதை நடுவில் வேறு பாதையில் போய்விடும். ஆனாலும், அதில் இருக்கிற ஒவ்வொரு சொல்லும் அந்தக் குழந்தையின் வாயிலிருந்து வந்தது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

ஒரே ஒரு குழந்தைக்காக...

உலகம் முழுக்கக் குழந்தைகள் படிக்கிற சில கதைகள், ஒரே ஒரு குழந்தையை மனதில் வைத்துத் தொடங்கியவைதான்.

1893-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். இங்கிலாந்தைச் சேர்ந்த பியாட்ரிக்ஸ் பாட்டர், தனக்கு முன்பு பாடம் சொல்லிக்கொடுத்த ஆசிரியையின் மகனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நோயல் என்ற அந்தப் பையனுக்கு அப்போது ஐந்து வயது. உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தான். என்ன எழுதுவதென்று தெரியாமல், நான்கு முயல்குட்டிகளின் கதையைப் படங்களோடு எழுதி அனுப்பினார் பாட்டர். அதுதான் பிறகு 'பீட்டர் ராபிட்' புத்தகமானது. 1901-ல் தன் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். அடுத்த ஆண்டு ஒரு பதிப்பகம் அதை வெளியிட்டது.

'ஆலிஸின் அற்புத உலகம்' பிறந்த கதையும் இதே மாதிரிதான். 1862 ஜூலை 4 அன்று படகில் போகும்போது, லூயிஸ் கரோல் மூன்று சிறுமிகளுக்கு ஒரு கதை சொன்னார். அதில் ஒருத்தியான ஆலிஸ், "இதை எனக்கு எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டாள். தன் கையாலேயே எழுதி, படங்களும் வரைந்து, 1864-ல் அவளுக்குப் பரிசாகக் கொடுத்தார் கரோல். அச்சுப் புத்தகம் வந்தது அதற்கு அடுத்த ஆண்டுதான்.

இந்த இரண்டிலும் பெரியவர்கள் சொன்னார்கள், குழந்தைகள் கேட்டார்கள். வீட்டில் செய்யும் புத்தகத்தில் அது தலைகீழாக மாறுகிறது. குழந்தை சொல்லும், பெரியவர்கள் கேட்டு எழுதுவார்கள்.

16 பக்கம் தயார் செய்வது எப்படி?

நான்கு ஏ4 தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அகலவாக்கில் சரிபாதியாக மடித்தால் 16 பக்கம் கிடைத்துவிடும். ஒரு தாளுக்கு நான்கு பக்கம் என்பது கணக்கு. முதல் பக்கம் தலைப்புக்கும் எழுதியவரின் பெயருக்கும். கடைசிப் பக்கம் 'எழுதியவரைப் பற்றி'. நடுவில் இருக்கும் 14 பக்கம் கதைக்கு. ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரியும் ஒரு படமும் போதும்.

சாதாரண ஜெராக்ஸ் தாளில் ஸ்கெட்ச் பேனா பின்பக்கம் ஊறிவிடும். அதனால் கிரயான்ஸ் அல்லது கலர் பென்சில் நல்லது. ஸ்கெட்ச்தான் வேண்டும் என்று குழந்தை அடம்பிடித்தால், தனித்தாளில் வரையவைத்து வெட்டி ஒட்டிவிடலாம்.

அட்டைக்கு, கனமான கல்யாணப் பத்திரிகையின் எழுத்தில்லாத பக்கமோ, மாதக் காலண்டரின் தாளோ போதும். தாள்களுக்கு வெளியே அட்டையை வைத்து, மடிப்புக் கோட்டில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என மூன்று துளைகள் போட வேண்டும். புத்தகத்தின் உள்பக்கத்திலிருந்து நடுத்துளை வழியாக ஊசியை வெளியே எடுத்து, மேல்துளை வழியாக உள்ளே விட வேண்டும். உள்ளேயே கீழ்த்துளை வரை நூலைக் கொண்டுவந்து வெளியே எடுத்து, மறுபடி நடுத்துளை வழியாக உள்ளே கொண்டுவந்து, இரண்டு நூல் முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் வேலை முடிந்தது. துளை போடுவதும் தைப்பதும் பெரியவர்களின் வேலை. நூல் என்ன நிறம் என்பது குழந்தையின் முடிவு.

பதினாறு பக்கம் அதிகம் என்று தோன்றினால், ஒரே தாளில் எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் செய்யலாம். ஏ4 தாளை நீளவாக்கில் ஒருமுறை மடித்துப் பிரிக்க வேண்டும். பிறகு அகலவாக்கில் பாதியாகவும், மறுபடி பாதியாகவும் மடித்துப் பிரித்தால் எட்டுக் கட்டங்கள் தெரியும். தாளை அகலவாக்கில் ஒருமுறை மட்டும் மடித்து, மடிந்திருக்கும் ஓரத்திலிருந்து நடுக்கோட்டின் வழியே ஒரு கட்டம் வரை வெட்ட வேண்டும். விரித்தால் தாளின் நடுவில் ஒரு பிளவு இருக்கும். இப்போது நீளவாக்கில் மடித்து, இரண்டு முனைகளையும் பிடித்து உள்நோக்கித் தள்ளினால், தாள் கூட்டல் குறி போல நிற்கும். அதை ஒரு பக்கமாகப் படியவைத்தால் புத்தகம் ரெடி. தையலும் வேண்டாம், பசையும் வேண்டாம். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்தில்கூடச் செய்துவிடலாம்.

எந்த வயதில் எப்படி?

மூன்று, நான்கு வயதில் கதை என்றால் மூன்று வரிதான். "பூனை வந்துச்சு. பால் குடிச்சுச்சு. போயிருச்சு." அதுவே முழுக்கதை. கிறுக்கலைப் படமாக ஏற்றுக்கொண்டு, "இது என்ன?" என்று கேட்காமல், "இதைப் பத்திச் சொல்லு" என்று கேட்டால் போதும். சொல்வதை அந்தக் கிறுக்கலுக்குக் கீழே எழுதிவிடலாம்.

ஐந்து முதல் ஏழு வயதுவரை, குழந்தை கதையைச் சொல்ல, பெரியவர்கள் எழுதுவது சரியாக வரும். எழுதப் பழகியிருந்தால், பக்கத்துக்கு ஒரு சொல்லை மட்டும் குழந்தையே எழுதலாம். முழுக்க எழுதச் சொன்னால் அது ஹோம்வொர்க் ஆகிவிடும். கை வலித்ததும் கதையும் சுருங்கிவிடும்.

எட்டு வயதுக்கு மேல் பேனாவைக் குழந்தையிடமே கொடுத்துவிடலாம். அப்போது பெரியவர்கள் உதவியாளர்கள்தான். வெட்டுவது, ஒட்டுவது, கேட்டால் மட்டும் யோசனை சொல்வது.

தொடங்குவதற்கு முன் இரண்டு மூன்று படக்கதைகளைச் சேர்ந்து படித்தால், பக்கத்துக்குப் பக்கம் கதை எப்படி நகர்கிறது என்பது குழந்தைக்குப் பிடிபடும். பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் தமிழிலும் படக்கதைகளைச் செல்போனிலேயே இலவசமாகப் படிக்கலாம்.

கேட்க வேண்டிய கேள்வி, கேட்கக் கூடாத கேள்வி

ஒரு கதையை நகர்த்த நான்கு கேள்விகள் போதும். யாரைப் பத்தின கதை? அதுக்கு என்ன வேணும்? அது கிடைக்காம எது தடுக்குது? அப்புறம் என்ன ஆச்சு? இதில் கடைசிக் கேள்விதான் மந்திரச்சாவி. எங்கே நின்றாலும், "அப்புறம்?" என்று கேட்டால் வண்டி மறுபடி கிளம்பிவிடும்.

கேட்கக் கூடாத கேள்விகளும் உண்டு. "ஆடு எப்படிப் பேசும்?", "இதுல என்ன நீதி?", "நல்ல பிள்ளைன்னா என்ன செஞ்சிருக்கணும்?" இந்த மூன்றும் வந்த உடனே குழந்தைக்குப் புரிந்துவிடும், இது பரீட்சை என்று. அதற்குப் பிறகு அம்மாவுக்குப் பிடித்த பதில்தான் வருமே தவிர, கதை வராது.

'வந்துச்சு' என்றே எழுதலாமா?

தமிழ் வீடுகளில் பெரும்பாலான பெற்றோர் தடுமாறும் இடம் இது. குழந்தை "நாய் ஓடியாந்துச்சு" என்று சொல்லும். அம்மாவின் கை தானாக "நாய் ஓடி வந்தது" என்று எழுதும். பிழை திருத்தியதாக அம்மா நினைப்பார். எழுதியதை வாசித்துக் காட்டும்போது குழந்தை, "நான் அப்படிச் சொல்லல" என்று சொல்லும். அது சொல்வதும் நியாயம்தான்.

நியூசிலாந்தில் மாவோரி குழந்தைகளுக்குப் பாடம் நடத்திய சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற ஆசிரியை, இதை வேறொரு பக்கத்திலிருந்து பார்த்தார். பாடப்புத்தகத்தில் இருந்த சொற்கள் அந்தக் குழந்தைகளின் மனதில் நிற்கவில்லை. அதனால் ஒவ்வொரு குழந்தையிடமும், "உனக்கு என்ன சொல் வேண்டும்?" என்று கேட்டு, அதை ஓர் அட்டையில் எழுதி அந்தக் குழந்தைக்கே கொடுத்தார். அம்மா, பேய், பயம், முத்தம் என்று வந்தன சொற்கள். மனதுக்கு நெருக்கமான அந்தச் சொற்களைக் குழந்தைகள் ஒருமுறை பார்த்ததுமே படித்தார்கள். இந்த அனுபவத்தை 1963-ல் வெளிவந்த 'டீச்சர்' என்ற புத்தகத்தில் எழுதியிருக்கிறார்.

தான் சொன்ன சொல் அப்படியே தாளில் நிற்பதைப் பார்க்கும்போதுதான், எழுத்து என்பது பேச்சைப் பிடித்துவைக்கும் வேலை என்று குழந்தைக்குப் புரியும். எழுத்துத்தமிழைப் பள்ளிக்கூடம் எப்படியும் சொல்லிக்கொடுத்துவிடும். 'ஓடியாந்துச்சு' என்ற சொல் இந்தப் புத்தகத்தில் மட்டும்தான் இருக்கும். பத்து வருடம் கழித்து எடுத்துப் பார்க்கும்போது, அந்த வயதின் குரல் அந்தச் சொல்லில்தான் கேட்கும்.

சைக்கிள் கேட்ட ஆட்டுக்குட்டி

இப்போது அந்தச் சிவகங்கை வீட்டுக்குத் திரும்பலாம். ஒரு சனிக்கிழமை மதியம். அப்பத்தா கட்டிலில் கண்ணயர்ந்திருக்கிறார். டி.வி ஓடவில்லை. அம்மா பேனாவோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார். மகள் குப்புறப் படுத்துக்கொண்டு படம் வரைகிறாள்.

"யாரைப் பத்தின கதை?"

"ஆட்டுக்குட்டி."

"சரி, ஆட்டுக்குட்டிக்கு என்ன ஆச்சு?"

"அதோட அப்பா ஃபிளைட்ல போயிருச்சு."

அம்மா எழுதுகிறார்.

"ஏன் போச்சு?"

"ஆட்டுக்குட்டி சைக்கிள் கேட்டுச்சு. அதான்."

அம்மாவுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது. "ஆடு எப்படிடி சைக்கிள் ஓட்டும்?" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அது வெளியே வந்திருந்தால் மகளும் சேர்ந்து சிரித்திருப்பாள். கதை அத்தோடு முடிந்திருக்கும். அம்மா சொன்னதை அப்படியே எழுதிவிட்டு, "அப்புறம்?" என்று மட்டும் கேட்கிறார்.

"அப்புறம் அப்பா ஆடு போன் பண்ணும். என்ன வேணும், என்ன வேணும்னு கேக்கும். ஆட்டுக்குட்டி எதுவும் சொல்லாது. ஒளிஞ்சுக்கும்."

"ஏன் ஒளியணும்?"

"ஏதாச்சும் கேட்டா அப்பா இன்னும் நிறைய நாள் அங்கயே இருக்கும்ல?"

பேனா நின்றுவிடுகிறது.

அப்பா ஊருக்குக் கிளம்பிய அன்று வாசலில் நடந்தது அம்மாவுக்கு நினைவுக்கு வருகிறது. காலைக் கட்டிக்கொண்டு அழுத மகளைச் சமாதானப்படுத்த, "அப்பா போனாத்தானே உனக்கு சைக்கிள் வாங்கித் தர முடியும்?" என்று சொன்னது யாருமில்லை, அவரேதான். எல்லா வீட்டிலும் சொல்கிற வார்த்தை. அதை மகள் கணக்காகப் போட்டுவைத்திருக்கிறாள். சைக்கிள் கேட்டதால் அப்பா போனார். இன்னும் கேட்டால் இன்னும் வரமாட்டார். மூன்று வாரம் பீரோவுக்குப் பின்னால் நின்றது கோபம் இல்லை. அப்பாவைச் சீக்கிரம் வரவழைக்க அந்தக் குழந்தைக்குத் தெரிந்த ஒரே வழி அது.

சின்னக் குழந்தைகள் இப்படி நினைப்பது அபூர்வம் இல்லை. வீட்டில் ஏதாவது நடந்தால், அதற்குத் தான்தான் காரணம் என்று எடுத்துக்கொள்வது அந்த வயதின் இயல்பு. அம்மா அப்பா சண்டை, வீடு மாறுவது, தாத்தாவின் மரணம் என எதிலும் இது நடக்கலாம். யாரும் அவர்களைக் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்களாகவே சொல்லிக்கொள்வார்கள்.

அந்தப் பக்கத்தை அடிக்கக் கூடாது

இந்த இடத்தில் பதறிப்போய், "சீ, அப்படியெல்லாம் இல்லடி!" என்று பக்கத்தை அடித்து, மகிழ்ச்சியான முடிவை எழுதிவிடத் தோன்றும். அப்படிச் செய்தால், மனசில் இருப்பதைச் சொன்னால் அது அழிக்கப்படும் என்பதுதான் குழந்தைக்குப் பாடமாகும். கதையைக் கதையாகவே விட்டுவிட்டு, உண்மையைத் தனியாகச் சொல்லலாம்.

அன்று இரவு தூங்கும்போது அம்மா சொல்வது இவ்வளவுதான். "ஆட்டுக்குட்டி அப்பா எதுக்குப் போச்சுன்னு எனக்குத் தெரியாது. நம்ம அப்பா சைக்கிளுக்காகப் போகல. வீடு கட்டின கடன் இருக்கு, அதை அடைக்கப் போயிருக்காங்க. அது நானும் அப்பாவும் சேர்ந்து எடுத்த முடிவு. நீ எதைக் கேட்டாலும், கேக்காட்டாலும், அப்பா லீவுல வர்ற நாள் மாறாது."

மகள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரெண்டு சைக்கிள் கேட்டாலும் மாறாதா?" என்கிறாள்.

"மாறாது."

கடன் விவரமெல்லாம் ஐந்து வயதுக் குழந்தைக்குத் தேவையா என்று தோன்றலாம். தொகை தேவையில்லை. ஆனால், காரணம் தான் இல்லை என்று தெரிய, உண்மையான காரணம் என்ன என்பது ஒரு வரியிலாவது தெரிய வேண்டும்.

அப்பாவுக்கும் ஒரு பக்கம்

மறுநாள் அம்மா, மகளிடம் கேட்டுவிட்டு, கதையின் பக்கங்களை போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்புகிறார். 'ஒரு பக்கம் உங்களுக்கு. அப்பா ஆடு என்ன சொல்லும்னு நீங்களே எழுதி, படம் வரைஞ்சு அனுப்புங்க' என்று கூடவே ஒரு செய்தி. இரண்டு நாள் கழித்துப் பதில் வருகிறது. ஒரு நோட்டுத்தாள். பால்பாயின்ட் பேனாவில் வரைந்த ஆடு, கட்டில் மேல் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் சாப்பாட்டு டப்பா. கீழே நான்கு வரி.

ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுத்து, பன்னிரண்டாம் பக்கத்தில் ஒட்டுகிறார்கள். அன்று இரவு மகள் தானாகவே போனை வாங்கிக்கொள்கிறாள். பேசுவதற்கு அவளிடம் ஒரு விஷயம் இருக்கிறது. "அப்பா, நீங்க ஆட்டுக்குத் தாடி போட மறந்துட்டீங்க!"

அப்பாவும் ஒன்றை மாற்றிக்கொள்கிறார். "என்ன வேணும்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "ஆட்டுக்குட்டி இன்னிக்கு என்ன பண்ணுச்சு?" என்று கேட்கத் தொடங்குகிறார்.

வெளியூரில் இருக்கும் அப்பாவுக்கு மட்டுமில்லை, இரவுப் பணிக்குப் போகும் அம்மாவுக்கும், வேறு ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கும் இப்படி ஒரு பக்கம் ஒதுக்கலாம். ஒரே நிபந்தனை, எழுதியவரின் அனுமதி வேண்டும். எழுதியவர் என்றால் யு.கே.ஜி மாணவிதான்!

எல்லா ஆட்டுக்குட்டியும் அப்படி இல்லை

இதைப் படித்துவிட்டு, குழந்தை சொல்லும் கதையில் எல்லாம் ரகசியம் தேட ஆரம்பித்தால் அதுவும் சிக்கல். டைனோசர் இட்லி சாப்பிட்டால், பெரும்பாலும் அது இட்லி சாப்பிட்ட டைனோசர் மட்டும்தான். மனசில் இருப்பதைப் பிடுங்குவதற்காகப் புத்தகம் செய்கிறார்கள் என்று தெரிந்தால், குழந்தை உஷாராகிவிடும். சிரித்துக்கொண்டே செய்யும் பத்துப் புத்தகங்களில் ஒன்று ஏதாவது சொல்லலாம். சொல்லாமலும் போகலாம். சொல்லாவிட்டால், சிரித்த பத்து மதியங்கள் மிச்சம்.

அதேசமயம், வாரக்கணக்கில் தூக்கம், சாப்பாடு கெடுவது, பள்ளிக்குப் போக மறுப்பது, நின்றுபோன படுக்கை ஈரம் மறுபடி தொடங்குவது போன்றவை இருந்தால், புத்தகம் மட்டும் போதாது. குழந்தைகள் நல மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்ப்பதுதான் சரி.

ஸ்டேட்டஸில் போடும் முன்...

புத்தகம் முடிந்ததும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடக் கை துறுதுறுக்கும். அதற்கு முன் குழந்தையிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

ஏ.ஏ.மில்ன் என்ற ஆங்கில எழுத்தாளர், தன் மகன் கிறிஸ்டோஃபர் ராபினையும் அவனுடைய பொம்மைகளையும் வைத்து எழுதிய 'வின்னி த பூ' 1926-ல் வெளிவந்தது. உலகமே கொண்டாடியது. ஆனால், அந்தப் பெயராலேயே பள்ளியில் மற்ற பையன்கள் கேலி செய்ய, நொந்துபோனான் மகன். வளர்ந்த பிறகு, 1974-ல் எழுதிய நினைவுக்குறிப்பில் அந்தக் கசப்பைப் பதிவு செய்திருக்கிறார் கிறிஸ்டோஃபர் மில்ன். அப்பா அன்பாகத்தான் எழுதினார். ஆனால் அது யாருடைய கதை, யார் படிக்கலாம் என்பதை முடிவு செய்யும் இடத்தில் மகன் இல்லை.

ஆட்டுக்குட்டி ஒளிந்துகொண்ட பக்கத்தைப் பார்த்து, தெரு முழுக்க ஸ்மைலி போட்டால், அடுத்த கதை வராது. குழந்தை "காட்டலாம்" என்று சொன்ன பக்கத்தை மட்டும் காட்டலாம். பள்ளியின் பெயர், யூனிஃபார்ம் போட்டோ, வீட்டு முகவரி இருக்கிற பக்கங்களைப் பொதுவெளியில் போடாமல் இருப்பது பாதுகாப்பு.

போட்டோவைவிட நல்லது, வீட்டிலேயே ஒரு வெளியீட்டு விழா. அப்பத்தா, சித்தி, பக்கத்து வீட்டு அண்ணன் என நான்கு பேர் உட்கார, எழுதியவர் படம் காட்டிக் கதை சொல்ல, கடைசியில் கைதட்டல், ஆளுக்கொரு கடலை மிட்டாய். அட்டையின் உள்பக்கத்தில் தேதியும் வயதும் எழுதிவைக்க மறக்க வேண்டாம். எழுதாவிட்டால், பிறகு யாருக்கும் நினைவிருக்காது.

அந்தச் சிவகங்கை வீட்டுப் புத்தகத்தில் 'எழுதியவரைப் பற்றி' பக்கம் இப்படி இருக்கிறது. "இவளுக்கு மாம்பழம் பிடிக்கும். ஊசி பிடிக்காது. சைக்கிள் ஓட்டத் தெரியாது."

அதற்கு முந்தைய பக்கம் காலியாக இருக்கிறது. கதை முடியவில்லையே என்று அம்மா கேட்டதற்கு, "அப்பா வந்ததும் நானும் அப்பாவும் வரைவோம்" என்று சொல்லிவிட்டாள் மகள். அம்மா அதில் எதுவும் எழுதவில்லை. புத்தகம் டி.வி ஸ்டாண்டின் மேல், அந்தப் பக்கத்தில் ஒரு கலர் பென்சில் செருகியபடி இருக்கிறது.

*அடுத்த வாரம்: வீட்டில் செய்த கதையைக் கூடத்திலேயே நாடகமாகப் போடுவது எப்படி?*